பூ வினார்சி வீட்டுக் கிணறு

நவம்பர் 4, திங்கள்

மேசையை இன்று நான்காவது தடவையாக இடம் மாற்றினேன். ஜன்னலோரம் போட்டால் முற்றத்தில் மெழுகு காய்ச்சும் புகை கண்ணைக் கரிக்கிறது. சுவரோரம் போட்டால் முன்னறையில் வெள்ளி தட்டும் சத்தம் நேராகத் தலைக்குள் இறங்குகிறது. கடைசியில் முதலில் இருந்த இடத்திலேயே போட்டுவிட்டு வெளியே போய் நடந்தேன்.

இந்தோனேசியாவில் யோக்யகர்த்தா நகருக்கு வந்து பதினோரு நாள். ஊருக்குத் தென்கிழக்கே கோத்தகெடே என்ற பழைய பகுதி. சந்துக்குச் சந்து வெள்ளிப் பட்டறை. நான் வந்திருப்பது இருபத்திரண்டு வீடுகள் சேர்ந்த ஒரு கைவினைக் குழுவுக்காக. சில வீடுகளில் வெள்ளி வேலை, சில வீடுகளில் மெழுகு வைத்துச் சாயம் போடும் பாத்திக் துணி, நான் தங்கியிருக்கும் வீட்டில் இரண்டும். எல்லா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையும் சோதித்து டிசம்பர் முடிவதற்குள் அறிக்கை தரவேண்டும். அறிக்கை நன்றாக இருந்தால் குழுவுக்குச் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் இருந்தால்தான் ஜெர்மனிக்காரர்கள் சரக்கு எடுப்பார்கள். திருப்பூர்ச் சாயத் தண்ணீரில் எட்டு வருட அனுபவம் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். உடனே கூப்பிட்டுவிட்டார்கள்.

குழுவின் தலைவி வினார்சி. அவர் வீட்டில்தான் எனக்கு அறை. இங்கே மூத்த பெண்களைப் 'பூ' என்று அழைக்கவேண்டும், அம்மா என்று பொருள். பூ வினார்சி. ஐம்பத்தாறு வயது, கை எப்போதும் முழங்கை வரை நீலம். கோகிலவாணி என்ற பேர் அவர் வாயில் நுழையவில்லை. 'ம்பாக் வாணி' ஆகிவிட்டேன், வாணியக்கா. வெள்ளி வேலை செய்பவர் அவர் கணவர் பாக் ஜுமாடி ('பாக்' என்றால் அப்பா), அதிகம் பேசமாட்டார். மகள் ரத்ரி எட்டு மாதக் கர்ப்பிணி. அவள் கணவன் கப்பலில் இருக்கிறான். ரத்ரிக்கு ஆங்கிலம் நன்றாக வரும், எனக்கு இந்தோனேசிய மொழி அரைகுறை. ஆகவே வீட்டில் என் பேச்செல்லாம் அவள் வாய் வழியாகத்தான் போய் வருகிறது.

திருப்பூர் எண்ணிலிருந்து மூன்று அழைப்பு. எடுக்கவில்லை. இங்கே சிக்னல் சரியில்லை.

அம்மாவோடு நாற்பது நிமிடம் பேசினேன்.

நவம்பர் 6, புதன்

காலை முழுக்க முற்றத்தில். அடுப்பைச் சுற்றி நான்கு பெண்கள் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கையில் மூங்கில் பிடி, அதன் முனையில் சின்னச் செப்புக் கிண்ணம், கிண்ணத்துக்கு ஊசி போன்ற மூக்கு. உருகிய மெழுகில் முக்கி, மூக்கில் ஒரு ஊது ஊதி, தொங்கும் துணியில் கோடு இழுக்கிறார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. ஒரு இலையின் நரம்பை முடிக்க ஒரு பெண்ணுக்கு அரைமணி நேரம் ஆனது. அவள் முதுகு அசையவே இல்லை. நான் அதற்குள் மூன்று தடவை எழுந்து உட்கார்ந்தேன்.

பிறகு சாயத் தொட்டி. சாயத்திலிருந்து துணி வெளியே வரும்போது வெறும் வெளிர்மஞ்சள்தான். அடுத்த தொட்டியில் அமிலத்தோடு வெள்ளை உப்பு ஒன்று கலந்த தண்ணீர். அதில் போட்டதும் கண்முன்னால் நீலம் பூக்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் பூ வினார்சி அந்த நொடியில் புருவத்தைத் தூக்குகிறார், யாரோ அவருக்கு முதன்முதலாகச் செய்துகாட்டுவதுபோல.

"அது என்ன உப்பு?" தெரிந்தும் கேட்டேன்.

"நைட்ரைட்," என்றாள் ரத்ரி.

முன்னறையில் பாக் ஜுமாடி தலைமுடிபோல மெலிந்த வெள்ளிக் கம்பிகள் இரண்டை முறுக்கி, சுருள் சுருளாக வளைத்து, ஒரு பூவின் சட்டத்துக்குள் இடுக்கியால் அடுக்கிக்கொண்டிருந்தார். பற்றவைத்ததும் எல்லாம் கறுத்துவிடுகிறது. தண்ணீர் கலந்த திராவகத்தில் போட்டால் வெளுத்து வருகிறது. அதன்பிறகு ஒரு கொட்டை ஊறிய நுரைத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்க்கிறார். முகர்ந்து பார்த்தேன், பூந்திக்கொட்டை! அம்மா பட்டுச்சேலை அலசுவது இதில்தான். இங்கே பாத்திக் துணியையும் இதில்தான் அலசுவார்களாம்.

நைட்ரைட் தண்ணீரும் திராவகத் தண்ணீரும் போவது ஒரே இடத்துக்கு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் உறிஞ்சு குழி. குழியிலிருந்து ஐந்து எட்டு வைத்தால் கிணறு. நடந்து அளந்தேன். திரும்பவும் அளந்தேன்.

நவம்பர் 8, வெள்ளி

வீட்டுக் கிணறு: நைட்ரேட் லிட்டருக்கு 210 மில்லிகிராம். நைட்ரைட் மண்ணில் இறங்கினால் நைட்ரேட்டாகத்தான் மாறும். ஐம்பதுக்குள் இருக்கவேண்டும்.

பாட்டிலைச் சரியாகக் கழுவாமல் இருந்திருப்பேன். நாளை மறுபடியும் பார்க்கவேண்டும்.

நவம்பர் 9, சனி

204.

நவம்பர் 10, ஞாயிறு

பெட்டியிலிருந்த துணியை எல்லாம் வெளியே எடுத்து மடித்து மறுபடி வைத்தேன். பிறகு கண்ணாடிக் குழாய்களைக் கழுவினேன். அவை சுத்தமாகத்தான் இருந்தன.

நவம்பர் 13, புதன்

வேறு மூன்று வீடுகள் முடிந்தன. மூன்றும் நல்ல தண்ணீர். கருவியில் கோளாறு இல்லை என்று தெரிகிறது.

மாசிலாமணியண்ணா குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். "அம்மிணி, நானுங்க மாசிலாமணி. லேப்புல இருந்து பேசலீங்க, ஊட்டுல இருந்துதான் பேசறேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். ஒரே ஒரு தடவ போன எடுங்க..." இன்னும் நீளமாகப் போகிறது. பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் திருப்பூரில் எங்கள் லேபுக்குச் சோதனைத் தண்ணீர் பிடித்து வருகிறவர். மொபெட்டின் பின்னால் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவார். அவ்வளவுதான்.

நவம்பர் 16, சனி

கடைத்தெருவில் பத்தொன்பது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று வாங்கி, வண்டி பிடித்துக் கொண்டுவந்து சமையலறையில் வைத்தேன். எல்லாரும் குடிக்கலாம் என்று ரத்ரியிடம் சொன்னேன். அவள் அம்மாவிடம் சொன்னாள். அவர் கேனை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "பாவம், வெளிநாட்டு வயிறு," என்று சிரித்தார். அதற்கு எம்பிராய்டரி போட்ட துணி உறை ஒன்று தைத்து மாட்டினார். இப்போது அது என் கேன். வேறு யாரும் தொடுவதில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

பூ வினார்சி துணியை உதறிக்கொண்டே கேட்டார். "எங்க கிணறு எப்படி இருக்கு?"

"இன்னும் பார்க்கணும்," என்றேன்.

"நாலு தலைமுறையா குடிக்கிறோம். குழாய்த் தண்ணி மருந்து நாத்தம் அடிக்குது. இது இனிப்பு. நல்லபடியா எழுது. ஒரு வீடு தவறினாலும் இருபத்திரண்டு வீட்டுக்கும் சான்றிதழ் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. நான்தானே எல்லாரையும் இழுத்துக் கொண்டுவந்தேன்."

பெரியவர்களுக்கு இந்த அளவில் ஒன்றும் ஆவதில்லை. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. இந்த வீட்டில் எல்லாரும் பெரியவர்கள்.

மாலையில் வெள்ளிக் கடைத்தெருவை மூன்று சுற்று சுற்றினேன். ரத்ரி வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "வாணியக்கா, உங்களைப் பார்த்தா எனக்குத்தான் கால் வலிக்குது," என்றாள்.

நவம்பர் 27, புதன்

பெண் குழந்தை. மூன்று கிலோ நூறு கிராம். பாக் ஜுமாடி இன்று முழு வாக்கியமாகப் பேசினார்: "மூக்கு என்னோடது."

டிசம்பர் 2, திங்கள்

லாராஸ் என்று பேர் வைத்திருக்கிறார்கள். என் கையில் கொடுத்தார்கள். தூக்கம் கலையாமல் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தேனாம், ரத்ரி நேரம் பார்த்துச் சொன்னாள்.

டிசம்பர் 5, வியாழன்

ரத்ரிக்குப் பால் கட்டிக் கடுமையான காய்ச்சல். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, கொஞ்ச நாளைக்குக் குழந்தைக்குப் பவுடர் பால் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். சமையலறையில் பூ வினார்சி கிணற்றுத் தண்ணீரைக் கெட்டிலில் ஊற்றிக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். நன்றாக, தளதளவென்று. கொதிக்க வைத்தால் கிருமி சாகும்.

"குழந்தைக்கு என் கேன் தண்ணீரை எடுத்துக்கோங்க," என்றேன், என் அரைகுறை மொழியில்.

"அது நாள்கணக்கா பிளாஸ்டிக்ல நின்ன தண்ணி. இது இப்ப இறைச்சது," என்றார்.

"குழாய்த் தண்ணீராவது..."

"ம்பாக் வாணி, இதே தண்ணியிலதான் ரத்ரிய வளர்த்தேன். அவளுக்கு என்ன குறை?"

ரத்ரி தாய்ப்பால் குடித்து வளர்ந்திருப்பாள். அப்போது இந்தக் குழியும் இருந்திருக்காது. இதைச் சொல்ல எனக்கு அவர்கள் மொழியில் வார்த்தை போதவில்லை. மொழிபெயர்க்க ரத்ரி காய்ச்சலில் படுத்திருந்தாள். அவளை எழுப்பியிருக்கலாம்.

கொதித்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

டிசம்பர் 9, திங்கள்

அம்மா கூப்பிட்டாள். "ஏன் கண்ணு, அந்த மாசிலாமணி ஊட்டுக்கு வந்துட்டுப் போனாரு. வேலைய விட்டு நிறுத்தி வெச்சிருக்காங்களாமா. ஏதோ தண்ணி பாட்டிலு விசயமாமா. உன்னையத்தான் கேட்டாரு. காப்பி குடுத்தேன், வேண்டாம்னு எந்திரிச்சுட்டாரு. நீ என்னன்னு கேளு சாமி."

கேட்கிறேன் என்றேன்.

டிசம்பர் 12, வியாழன்

இருபத்திரண்டும் முடிந்தது. ஏழு கிணறு மோசம். ஏழு வீட்டிலும் குழி பக்கத்தில் இருக்கிறது. திட்ட அலுவலகத்திலிருந்து அறிக்கை எப்போது என்று கேட்டார்கள். மழையால் தாமதம் என்று பதில் போட்டேன். மழை உண்மைதான். மூன்று நாளாக விடவில்லை. துணி எதுவும் காயவில்லை. உறிஞ்சு குழி நிரம்பி முற்றத்தில் வழிகிறது.

அறிக்கையில் பூ வினார்சி வீட்டு நைட்ரேட் அளவுக்கான கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. நிரப்ப எழுந்தேன், குடை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன். எதற்குப் போனேன் என்று கடை வாசலில் நின்று யோசித்தேன்.

டிசம்பர் 14, சனி

ஒரு தடவை எழுதிவிட்டால் தலையைச் சுற்றிக்கொண்டே இருக்காது என்று நினைக்கிறேன்.

போன மார்ச். ஒரு சாயப்பட்டறையின் தொழிலாளர் குடியிருப்பு, அதன் ஆழ்துளைக் கிணறு. மாசிலாமணியண்ணா பிடித்து வந்த தண்ணீர் மோசமாக வந்தது. லேப் முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டார். "அந்தாளு பாட்டில மாத்திப் புடிச்சிருப்பான். நீயே ஒருக்கா போயி எடுத்துட்டு வா," என்றார். எங்கே பிடிக்கவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பட்டறை அலுவலக வாசலில் விருந்தாளிகளுக்கு வைத்திருந்த கேனிலிருந்து பழைய பாட்டிலிலேயே பிடித்தேன். பாட்டில் மேல் ஒட்டியிருந்த தாளில் மாசிலாமணியண்ணாவின் எழுத்து அப்படியே இருந்தது. அதை மாற்றவில்லை. அறிக்கையில் நல்ல தண்ணீர் என்று கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்டில் அந்தக் குடியிருப்பிலிருந்து பதினோரு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எல்லாரும் வீடு திரும்பிவிட்டார்கள் என்று கேள்வி. அக்டோபரில் நான் விமானம் ஏறினேன்.

மாதிரி யார் பிடித்தது என்று இப்போது விசாரிக்கிறார்கள். பாட்டிலில் இருப்பது அவர் பேர்.

எழுதியாயிற்று. தலை இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

டிசம்பர் 18, புதன்

லாராஸ் சரியாகக் குடிக்கவில்லை. உதடு ஒரு மாதிரி சாம்பல் நிறம். "மழைக் குளிர்," என்றார் பூ வினார்சி. இன்னொரு போர்வை சுற்றினார். வெப்பமானியைப் பார்த்தேன், இருபத்தொன்பது டிகிரி.

டிசம்பர் 19, வியாழன்

காலை ஏழு மணி இருக்கும். ரத்ரி "அம்மா!" என்று கத்தின சத்தத்தில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஓடினேன். குழந்தையின் உதடும் நகமும் நீலமாக இருந்தன. முகம் ஈயப் பாத்திரத்தின் நிறம். அழவில்லை. அழாததுதான் பயமாக இருந்தது.

பாக் ஜுமாடி பக்கத்து வீட்டுக் காரை எடுத்தார். வழியெல்லாம் பூ வினார்சி குழந்தையின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தார். எனக்கு முன் சீட். திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். நிறம் மாறவில்லை. இளம் பெண் டாக்டர், இதயத்தில் கோளாறு இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும், ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்றார். ரத்ரி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

அப்போதும் ஒரு நொடி சும்மா நின்றேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு நொடி நின்றேன்.

பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். "இதயம் இல்லை டாக்டர். குழந்தை குடிக்கிற பால் கிணற்றுத் தண்ணீரில் கரைத்தது. அந்தத் தண்ணீரில் நைட்ரேட் அதிகம். அது ரத்தத்தைக் கெடுக்கும், ஆக்சிஜனைச் சுமக்க விடாது. ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தானே எடுத்தார். தாளில் விழுந்த சொட்டு சிவப்பாக இல்லை. காப்பிக்கொட்டை நிறம். காற்றில் ஆட்டினார். நிறம் அப்படியே இருந்தது. பூ வினார்சியின் பழைய பாத்திக் துணிகளில் இருக்கும் பழுப்புச் சாயம் போல. அவரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைட்ரேட் எவ்வளவு?" என்றார் டாக்டர்.

"இருநூற்றுப் பத்து. மழைக்குப் பிறகு இன்னும் கூடியிருக்கும்."

"எப்போது சோதித்தீர்கள்?"

ரத்ரி தரையிலிருந்து நிமிர்ந்தாள். அந்த அறையில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் மூன்று பேர்.

"நவம்பர் எட்டாம் தேதி."

டாக்டர் நர்ஸிடம் திரும்பினார். மருந்து கொண்டுவரச் சொன்னார். ஊசிக் குழாயில் ஏற்றியது கருநீலத் தண்ணீர். அது உண்மையிலேயே சாயம்தான், துணிக்குப் போடுகிற மாதிரி ஒரு நீலச் சாயம். இந்தக் கேட்டுக்கு அதுவே மருந்து. பச்சைக் குழந்தையின் நரம்பில் நீலத்தை ஏற்றுவதைப் பார்த்துப் பூ வினார்சி பாய்ந்து நர்ஸின் கையைப் பிடித்தார். பாக் ஜுமாடிதான் அவரை இழுத்து அணைத்துக்கொண்டார்.

இருபது நிமிடம் ஒன்றும் இல்லை. நான் நடைபாதையில் கதவிலிருந்து படிக்கட்டு வரை போனேன், வந்தேன். அரைமணிக்கு மேல் இருக்கும், உள்ளேயிருந்து ஒரு அழுகை. கரகரவென்று, கோபமாக. எட்டிப் பார்த்தேன். உதடு சிவந்துகொண்டிருந்தது. ஓரத்திலிருந்து தொடங்கி நடுவுக்கு.

ரத்ரி என்னைத் தாண்டி வெளியே வந்தாள். "அம்மாவுக்கு நான் சொல்லப்போறதில்ல. நீங்க சொல்லுங்க," என்றாள். 'அக்கா' என்ற சொல் இல்லை.

டிசம்பர் 20, வெள்ளி

குழந்தை நன்றாக இருக்கிறாள். பால் குடிக்கிறாள். பூ வினார்சி குழந்தையின் ஈரத்துணியை விரித்துக் காட்டினார். பச்சையும் நீலமும் கலந்த கறை. மருந்து வெளியேறுகிறது, பயமில்லை என்றேன். அவர் அந்தக் கறையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், சாயம் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

சொன்னேன். என் சொந்த வாயால், தப்புத் தப்பான இந்தோனேசியத்தில். "நவம்பர் எட்டாம் தேதியே எனக்குத் தெரியும். உங்ககிட்டச் சொல்லல."

அவர் துணியை மடித்தார். இன்னொன்றை எடுத்தார். அதையும் மடித்தார். எல்லாம் மடித்து முடிகிறவரை நின்றேன்.

"நீ சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்," என்றார். "சண்டை போட்டிருப்பேன். உன்னை வீட்டை விட்டுக்கூடத் துரத்தியிருப்பேன். ஆனா சண்டை போடறதுக்கு எனக்கு நாப்பது நாள் இருந்திருக்கும்."

டிசம்பர் 21, சனி

சாப்பாட்டுத் தட்டு அறை வாசலில் இருந்தது. பெட்டியைக் கட்டினேன். இந்தத் தடவை எடுத்து மறுபடி மடிக்கவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டினார். வெளியே போகும்போது கட்டுகிற நல்ல பாத்திக் கட்டியிருந்தார்.

"இன்னும் எத்தனை வீடு?"

"ஆறு."

"எந்த எந்த வீடு?"

சொன்னேன். நான்காவது பேரைச் சொன்னதும் கண்ணை மூடினார். அந்த வீட்டு மருமகளுக்கு ஏழு மாதம்.

"வா. நீ தனியாப் போனா கதவைச் சாத்திடுவாங்க."

"பூ, சான்றிதழ்..."

"வான்னு சொன்னேன்."

மழையில் ஒரே குடையில் போனோம். என் தோளில் அவர் தோள் படாதபடி நடந்தார். முதல் வீட்டில் ஒரு வயதான வெள்ளிக்காரர், "யாரோ வந்த பொண்ணு ஏதோ மிஷினை வச்சுப் பார்த்துட்டு சொல்றா, நீயும் நம்பறியா?" என்று கத்தினார். பூ வினார்சி செல்பேசியை எடுத்து, குழந்தை நீலமாக இருந்தபோது டாக்டர் எடுத்து அனுப்பிய படத்தைக் காட்டினார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கிணற்று வாளியைக் கயிற்றிலிருந்து அவிழ்த்தார்.

இரண்டாவது வீட்டில் அழுதார்கள். மூன்றாவது வீட்டில் என்னைத் திட்டினார்கள், புரியாத ஜாவா மொழியில். புரிந்தவரை நியாயமாகத்தான் இருந்தது. நான்காவது வீட்டு மருமகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இந்தத் தண்ணீரை இத்தனை நாள் தான் குடித்தது வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஏதாவது செய்திருக்குமா என்று கேட்டாள். டாக்டரிடம் கூட வருகிறேன் என்றேன். போனேன். ரத்தம் பார்த்தார்கள். தாய் நன்றாக இருக்கிறாள், பிள்ளையின் துடிப்பும் சரியாக இருக்கிறது.

திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றியபடி பூ வினார்சி சொன்னார்: "இன்னும் ரெண்டு வீடு. நாளைக்கு ஏழு மணிக்கே தயாரா இரு."

டிசம்பர் 23, திங்கள்

இரண்டும் முடிந்தது. மதியம் அறிக்கையில் அந்தக் காலிக் கட்டத்தை நிரப்பினேன். 231. நேற்று புதிதாக எடுத்தது. முதல் சோதனையின் தேதியையும் எழுதினேன், எத்தனை நாள் மறைத்தேன் என்பதையும்.

டிசம்பர் 24, செவ்வாய்

மாசிலாமணியண்ணாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அண்ணா, அந்தப் பாட்டில்ல தண்ணி புடிச்சது நாந்தானுங்க. ஆபீஸ் கேன்ல புடிச்சேன்."

மொபெட் ஒன்று தாண்டிப் போகிற சத்தம் கேட்டது. தெருவில் நின்றிருப்பார்.

"நான் புடிக்கலீன்னு எனக்குத் தெரியுமுங்க அம்மிணி," என்றார். "வேற யாரு புடிச்சிருப்பாங்கன்னும் தெரியுமுங்க. விசாரணைல உங்க பேரச் சொல்லியிருக்கலாம். நீங்களே சொல்லோணும்னுதான் கூப்புட்டுட்டே இருந்தேன். ரெண்டு மாசமாச்சுங்க."

"வந்து சொல்றேனுங்க. எழுதியும் அனுப்பறேன்."

"ஏன் இப்பச் சொல்றீங்க?"

லாராஸைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் சொன்னேன். வைக்கும்போது, "சரிங்க," என்று மட்டும் சொன்னார்.

விசாரணை அலுவலகத்துக்கு மூன்று பக்கம் எழுதி மின்னஞ்சலில் அனுப்பினேன்.

டிசம்பர் 30, திங்கள்

சான்றிதழ் இப்போதைக்கு இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி சோதிப்பார்களாம், வேறொருவரைக் கொண்டு. குழியை மண் போட்டு மூடுகிறார்கள். சாயத் தண்ணீரும் திராவகமும் இனி மூடிய டிரம்மில் சேரும். வாரம் ஒருமுறை வண்டி வந்து எடுத்துப் போகும். அதற்காகப் பூ வினார்சி திட்ட அலுவலகத்தில் போய் நான்கு மணி நேரம் உட்கார்ந்து, நகரமாட்டேன் என்று அடம் பிடித்தாராம். சாயமே போடாமல் இருந்தால் என்ன என்று அங்கே ஒருவர் கேட்டிருக்கிறார். "நீ சட்டை போடாம இரேன்," என்றிருக்கிறார்.

பெண்கள் மறுபடி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நான் அவர்களிடம் விடைபெறப் போனபோது நிமிர்ந்து தலையசைத்தார்கள். ரத்ரி குழந்தையை என் கையில் தரவில்லை. ஆனால் போர்வையை விலக்கி முகத்தைக் காட்டினாள். பூ வினார்சி வண்டி வரை வந்தார்.

"அங்க போய் ஒழுங்காச் சொல்லு," என்றார்.

ஜனவரி 21, செவ்வாய். திருப்பூர்

விசாரணை காலை பதினொன்றரைக்குத் தொடங்கியது. ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார்கள். மூன்று தடவையும் ஒரே பதிலைச் சொன்னேன். லேப் முதலாளியின் வக்கீல், யாருடைய தூண்டுதலாலாவது இப்படிச் சொல்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்தக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். ஆகஸ்டில் ஆஸ்பத்திரியில் இருந்தவர்களில் ஒருத்தி. நான் பேசி முடிக்கிறவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் நின்றேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள், "இப்ப எங்களுக்கு எந்தத் தண்ணி குடிக்கறதுன்னு சொல்லுங்க," என்று மட்டும் கேட்டாள். நாளைக் காலை அங்கே போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

மாசிலாமணியண்ணாவை வேலையில் திரும்பச் சேர்க்க எழுதிவிட்டார்கள். இனி எந்த அறிக்கையிலும் நான் கையெழுத்துப் போடக்கூடாது என்று எனக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன் என்பதற்கு அதில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வேப்பமரத்தடியில் மாசிலாமணியண்ணா மனைவியோடு நின்றிருந்தார். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மட்டும் வந்தார்.

"அந்தப் புள்ளைக்கு என்ன பேரு வெச்சாங்க?"

"லாராஸ்."

"லாரசு," என்றார். "எடை கிடை ஏறுதா?"

"நாலு கிலோ எண்ணூறுன்னு ரத்ரி எழுதியிருந்தா." ஒரே வரி. நேற்றுதான் வந்தது.

தலையாட்டினார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார், போடாமல் திரும்ப வைத்தார்.

"எனக்கு உங்க மேல கோவம் இருக்குதுங்க அம்மிணி. போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன்."

"இருக்கட்டுங்ணா."

"நாளைக்கு அந்தக் குடியிருப்புக்குப் போறீங்களா?"

"ஆமாங்க."

"எத்தன மணிக்கு?"

"ஒம்பது மணிக்கு."

"எட்டுக்கே போங்க. ஒம்பது மணிக்கு எல்லாரும் ஷிப்டுக்குப் போயிருவாங்க." திரும்பி மனைவியைப் பார்த்தார், பிறகு என்னை. "ஐஸ் பொட்டி ஊட்டுலதான் இருக்குது. எடுத்துட்டு வர்றேன்."